பொத்தான் இருந்த இடத்துலயே இருக்கட்டும்

போன மாசம் எங்க ஊர் சமுதாயக் கூடத்தில் ஒரு கூட்டம் நடந்தது. விவசாயிகளுக்குப் புதுசா ஒரு செயலி கொண்டு வரப்போறோம், வந்து பார்த்துட்டு கருத்து சொல்லுங்கன்னு ரெண்டு பையன்களும் ஒரு பொண்ணும் வந்திருந்தாங்க. டீ, மிக்சர், ஆளுக்கொரு பேனா எல்லாம் குடுத்தாங்க. கருத்து கேட்டாங்க, நானும் சொன்னேன். சொன்னது கொஞ்சம் சத்தமா போயிடுச்சு. "வந்த புள்ளைங்கள்ட்ட இப்படியா பேசுவீங்க"ன்னு வீட்டுல இன்னிக்கு வரைக்கும் எனக்குத் திட்டு விழுது. சத்தம் போட்டது தப்புதான், ஒத்துக்கிறேன். சொன்ன விஷயத்துல இருந்து பின்வாங்க மாட்டேன். அன்னிக்குப் பாதியில நின்னுபோனதை இங்க முழுசா எழுதிடுறேன்.

அவங்க சொன்னது இதுதான். இப்ப இருக்கிற செயலி எல்லாம் எல்லாருக்கும் ஒரே திரையைக் காட்டுது. படிச்சவனுக்கும் அதே, கைநாட்டுக்கும் அதே. இனிமே அப்படி இருக்காது. செயலி உங்களைக் கவனிக்கும். எதை அடிக்கடி அமுக்குறீங்க, எங்க தடுமாறுறீங்க, பேசுறீங்களா தொடுறீங்களான்னு பார்த்துக்கிட்டே இருந்து, உங்களுக்குன்னு ஒரு திரையை அதுவே தயார் பண்ணிக்கும். குரல் வேணுங்கிறவங்களுக்குக் குரல், படம் வேணுங்கிறவங்களுக்குப் படம், ரெண்டும் வேணும்னா ரெண்டும். யாரும் உட்கார்ந்து வரைய வேண்டாம், ஏஐ அந்தந்த நேரத்துக்கு வரைஞ்சுக்கும். "ஆயிரம் விவசாயிக்கு ஆயிரம் திரைங்கய்யா" என்றான் ஒரு பையன், முகமெல்லாம் சிரிப்பாக.

அப்புறம் செஞ்சு காட்டினார்கள். எங்க தெரு பெரியவர் ஒருத்தர்ட்ட போனை நீட்டி, "உங்க நிலம் எவ்வளவுன்னு சொல்லுங்க தாத்தா"ன்னாங்க. அவர் "மூணு மா"ன்னார். திரையில மூணு மாமரம் வந்துது. காயோட. கூடமே சிரிச்சிடுச்சு. எங்க பக்கம் நிலத்தை இன்னும் மா, குழின்னுதான் சொல்லுவோம். 100 குழி ஒரு மா, ஒரு மா 33 சென்ட், 20 மா ஒரு வேலி. மூணு மான்னா கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். இது அந்தக் கருவிக்கு யாரும் சொல்லிக்குடுக்கல. அடுத்து என்ன பயிர்னு கேட்டதுக்கு அவர் "சம்பா"ன்னார். கோதுமைக் கதிர் வந்துது! சம்பா கோதுமையாம். காவிரித் தண்ணியில கோதுமை.

நான் கோபப்பட்டது இதுக்கில்ல. இதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்தான். ஏன்னா, கருவி தப்பா கேட்டதுன்னு பெரியவருக்கு உடனே தெரிஞ்சுபோச்சு. மாமரத்தைப் பார்த்ததும் "ஏய், இது இல்லப்பா"ன்னுட்டார். வெறும் குரல் மட்டும் இருந்து, "பதிவு செய்யப்பட்டது, நன்றி"ன்னு முடிச்சிருந்தா அவர் பேர்ல மூணு மாமரம் ஏறியிருக்கும். பேசுறது சுலபம், ஆனா பேசுனது காத்துல போயிடும். படம் நிக்கும். நாம சொன்னதை அது என்னன்னு புரிஞ்சுக்கிச்சுன்னு கண்ணால பார்த்துச் சரிபார்க்கலாம். குரலும் படமும் சேர்ந்து இருக்கணுங்கிறதுல எனக்கும் அந்தப் புள்ளைங்களுக்கும் ஒரு சண்டையும் இல்ல.

சண்டை அந்த "அதுவே மாத்திக்கும்"ங்கிற வார்த்தைல.

மேலத்தெருவுல ஒரு அக்கா இருக்காங்க. வீட்டுக்காரர் தவறி எட்டு வருசம் ஆகுது. அஞ்சு மா நிலம், தானே நின்னு பார்க்கிறாங்க. எழுத்து தெரியாது, எண் தெரியும். கணக்குல என்னை விட சுத்தம். வீட்டுல ஒரே ஒரு பெரிய போன். அதுல அறுப்பு வண்டி வாடகைக்கு எடுக்கிற செயலி ஒண்ணு இருக்கு. எதுன்னு சொல்ல மாட்டேன், சொன்னா வம்பு. அந்தச் செயலியைத் திறந்தா முதல்ல பெல்ட் வண்டி படம், அதுக்குக் கீழ டயர் வண்டி, அதுக்கும் கீழ வைக்கோல் கட்டுற மெஷின். படத்தைத் தொட்டா ஒரு பொண்ணு குரல், "பெல்ட் வண்டி. சரி என்றால் பச்சையை அமுக்கவும்"னு சொல்லும். அக்கா ரெண்டு போகமா அதுலதான் வண்டி போடுவாங்க. மேல இருக்கிறதைத் தொடு, குரல் கேளு, பச்சை. அவ்வளவுதான் அவங்க படிச்சுவச்ச பாடம்.

விவசாயம் இல்லாதவங்களுக்காகச் சொல்றேன். டயர் வண்டி காய்ஞ்ச வயலுக்கு. வாடகை கம்மி. எங்க டெல்டா வயல்ல சம்பா அறுப்பப்ப கால் வச்சா கணுக்கால் புதையும், அதுல டயர் இறங்குனா அப்புறம் இழுக்க இன்னொரு வண்டி வேணும். பெல்ட் வண்டிதான் அங்க நடக்கும். ரெண்டு வண்டியும் பார்க்க ஒண்ணுபோலத்தான் இருக்கும், கீழ சக்கரமா பட்டையாங்கிறதுதான் வித்தியாசம். கட்டைவிரல் அளவு படத்துல, கண்ணுல புரை விழுந்தவங்களுக்கு அது என்ன தெரியும்?

அக்கா மகன் லோடு ஆட்டோ ஓட்டுறான். பத்தாவது படிச்சவன். அவன் போன் உடைஞ்சு கிடந்த மூணு மாசமும் ராத்திரி வீட்டுக்கு வந்தா அம்மா போன்லதான் எல்லாம் பண்ணுவான். மாமனார் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். மேட்டு நிலம், ஏரிப் பாசனம். அங்க சொந்தக்காரங்களுக்கு வண்டி வேணும்னா இவன்தான் அந்தச் செயலியில போட்டுக் குடுப்பான். எல்லாம் டயர் வண்டி. படிச்ச பையன் ஆச்சே, குரல் பேச ஆரம்பிச்சதும் காத்திருக்க மாட்டான், டக்குனு பச்சையை அமுக்கிட்டு அடுத்த வேலைக்குப் போயிடுவான்.

செயலி கவனிச்சுக்கிட்டே இருந்திருக்கு. அது ரெண்டு பாடம் கத்துக்கிச்சு. ஒண்ணு, இந்த ஆளு அடிக்கடி எடுக்கிறது டயர் வண்டி, அதை மேல வைப்போம். ரெண்டு, இந்த ஆளுக்குக் குரல் பிடிக்கல, பேச்சை நிறுத்துவோம்.

தை மாசக் கடைசி. அக்கா வழக்கம்போல திறந்தாங்க, மேல இருக்கிறதைத் தொட்டாங்க. குரல் வரல. சத்தம் குறைச்சு வச்சிருக்கான் போலன்னு நெனச்சு பச்சையை அமுக்கிட்டாங்க. மறுநாள் காலைல வாய்க்கால் கரையில டயர் வண்டி வந்து நிக்குது. டிரைவர் ஆத்தூர் பக்கத்து ஆளு. வயலை ஒரு சுத்து பார்த்துட்டு, "யம்மா, இதுல எறங்குனா நான் பொங்கலுக்கு அடுத்த பொங்கல்தான் ஊர் போவேன்"னு சொல்லிட்டு, வந்துபோன காசை வாங்கிக்கிட்டு கிளம்பிட்டான். அறுப்பு உச்சத்துல இருக்கிற நேரம். பெல்ட் வண்டி அடுத்த முறை நாலு நாள் கழிச்சுத்தான் கிடைச்சுது. ரெண்டாம் ராத்திரி மழை. சி.ஆர். 1009, நல்ல உயரம் போயிருந்த பயிர், அப்படியே படுத்துக்கிச்சு. தண்ணியில கிடந்த கதிர் முளை விட்டுது. 50 மூட்டைக்கு மேல வரும்னு நெனச்ச இடத்துல 28 மூட்டை. அதையும் ஈரம் 17க்குக் கீழ கொண்டுவர களத்துல ஆறு நாள் காய வச்சு கிண்டினாங்க. நகை மீட்க வச்சிருந்த கணக்கு அதோட போச்சு.

அந்த வாடகைக் கம்பெனிக்கு நான்தான் போன் பண்ணேன். "சார், கஸ்டமர்தான் டயர் வண்டி செலக்ட் பண்ணியிருக்காங்க, எங்க ரெக்கார்டுல இருக்கு"ன்னாங்க. சரிங்க, அவங்க தொட்டப்ப திரை எப்படி இருந்துச்சு, எது மேல இருந்துச்சு, குரல் வந்துச்சா, அதைக் காட்டுங்கன்னேன். "அது ஒவ்வொருத்தருக்கும் மாறும் சார், அன்னிக்கு எப்படி இருந்துச்சுன்னு எங்கள்ட்ட இருக்காது." அக்கா தொட்டது அவங்க ரெக்கார்டுல பத்திரமா இருக்கு. அவங்க எதைக் காட்டித் தொட வச்சாங்கங்கிறது மட்டும் காத்தோட போயிடுச்சு. ஒரு பத்திரத்துல கைநாட்டை மட்டும் வச்சுக்கிட்டு, மேல எழுதியிருந்ததை அழிச்சுட்டா அந்தப் பத்திரம் செல்லுமா? எங்க ஊர் பத்திர எழுத்தர்ட்ட கேட்டாலே சொல்லுவார்.

இவ்வளவையும் எனக்குப் பிரிச்சு விளக்கினது என் அக்கா மகன். சென்னைல இந்த வேலைதான் பார்க்கிறான். பொங்கல் முடிஞ்சும் ஊர்ல இருந்தான், போனை வாங்கி நோண்டிப் பார்த்துட்டு, "மாமா, இது ரெண்டு ஆளை ஒரே ஆளுன்னு நெனச்சிருக்கு"ன்னான். எனக்கு அப்பதான் உறைச்சுது. இந்தக் கருவி செய்யுற ஊர்கள்ல ஒரு ஆளுக்கு ஒரு போன், சில பேருக்கு ரெண்டு. இங்க ஒரு போனுக்கு நாலு ஆளு. காலைல அம்மா, சாயங்காலம் பேரப்புள்ள, ராத்திரி மகன், நடுவுல பக்கத்து வீட்டுக்காரர் ஒரு போன் பண்ணிக்கிறேன்னு வாங்கிட்டுப் போவார். அந்த நாலு விரலையும் பார்த்துட்டு கருவி ஒரு ஆளைச் செஞ்சு வச்சுக்குது. பாதி எழுத்து தெரிஞ்ச, பாதி கண் தெரியாத, டயர் வண்டியும் பொம்மை கார் விளையாட்டும் கேட்கிற ஒரு ஆளு. அப்படி ஒருத்தர் எங்க ஊர்ல கிடையாது. அந்த இல்லாத ஆளுக்குப் பொருத்தமா திரையைத் தைச்சு, இருக்கிற அக்கா கையில குடுக்குது.

இதெல்லாம் புதுசும் இல்லையாம். பேச்சையும் படத்தையும் சேர்க்கிற வேலையை 1980-லேயே அமெரிக்காவுல எம்.ஐ.டி.யில ரிச்சர்ட் போல்ட்னு ஒருத்தர் செஞ்சு காட்டியிருக்கார். சுவர் அளவு திரை, எதிர்ல நாற்காலில ஒரு ஆளு. கையால காட்டி "அதை எடுத்து அங்க வை"ன்னு சொன்னா திரையில இருக்கிற வட்டமோ சதுரமோ நகரும். "அது", "அங்க"ங்கிற சொல்லுக்குத் தனியா அர்த்தமே இல்ல, கை காட்டுனாத்தான் அர்த்தம். அவர் செஞ்சதுல இதுதான் அழகுன்னு எனக்குத் தோணுது. நாம வயல்ல ஆள்ட்ட வேலை சொல்றது அப்படித்தானே, "அந்த வரப்பை வெட்டி இதுல விடு"ன்னு. ஆனா ஒண்ணு கவனிங்க. அந்தச் சதுரம் இவர் நகர்த்துனாத்தான் நகரும். தானா எழுந்து இன்னொரு மூலைக்குப் போய் உட்காராது.

தானா மாறுற சமாச்சாரத்தையும் பெரிய கம்பெனியே போட்டுப் பார்த்திருக்கு. மைக்ரோசாப்ட் ஆபீஸ் 2000-த்துல மெனுவைத் திறந்தா அடிக்கடி எடுக்கிறது மட்டும் தெரியும், மத்தது ஒளிஞ்சுக்கும். ஆபீஸ் 2007 வந்தப்ப அந்த மெனுவையே தூக்கிட்டு, எல்லாம் அதனதன் இடத்துல தெரியுற பட்டையைக் கொண்டு வந்துட்டாங்க. நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கிறவங்களுக்கே ஒத்துக்காததை, போகத்துக்கு ரெண்டு தடவை மட்டும் திறக்கிற எங்களுக்குக் குடுக்கிறாங்க. இதுக்கு என்ன பேரு வைக்கிறது?

தமிழ்ல பேசி விவசாய விவரம் கேட்கிறதும் பழைய கதைதான். 2006 வாக்குலேயே "தமிழ் மார்க்கெட்"னு பேர் வச்சு, தமிழ்ப் பேச்சைப் புரிஞ்சுக்கிட்டு படமும் குரலுமா பதில் தர்ற ஒரு கருவியைத் தமிழ்நாட்டுக் கிராமத்து ஆளுங்கள்ட்ட கொண்டுவந்து சோதிச்சிருக்காங்க. கொஞ்சம் சொல்லு மட்டும்தான் அதுக்குத் தெரியும். இப்ப 2023-ல பி.எம். கிசான் பணத்தைப் பத்திக் கேட்க கிசான் இ-மித்ரான்னு ஒண்ணு வந்துது, தமிழ்லயும் பேசலாம். ஆகவே முடியாதுன்னு யாரும் சொல்லல. நானும் சொல்லல.

கூட்டத்துல நான் அந்தப் பையன்கள்ட்ட கேட்டது ஓட்டுப் பெட்டியைப் பத்தி. இந்த நாட்டுல எழுத்து தெரியாதவங்களுக்காகச் செஞ்ச திரையிலேயே பெரிய திரை எதுன்னு கேட்டா நான் அதைத்தான் சொல்லுவேன். 1951-52ல முதல் தேர்தல் நடந்தப்ப வேட்பாளர் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டி மேல சின்னம். எங்க தாத்தா பெட்டியில ஓட்டு போட்ட கதையைச் சொல்லுவார். 2004 நாடாளுமன்றத் தேர்தல்ல நாடு முழுக்க மெஷின் வந்துது. ஒரு பெட்டியில 16 பொத்தான். பேரு, சின்னம், பக்கத்துலயே பொத்தான். அமுக்குனா சிவப்பு விளக்கு எரியும், பீப்னு நீளமா ஒரு சத்தம். இப்ப பக்கத்துல இன்னொரு பெட்டியில நாம போட்ட சின்னத்தைச் சீட்டுல அடிச்சு 7 விநாடி காட்டிட்டு உள்ள விழும். படம், வெளிச்சம், சத்தம், சரிபார்க்க சீட்டு. இந்தப் புள்ளைங்க சொல்ற எல்லாமே அதுல இருக்கு, பேச்சு மட்டும்தான் இல்ல.

அதுல இன்னொண்ணும் இருக்கு. பொத்தான் பக்கத்துல பிரெயில் எழுத்துல எண் போட்டிருக்கும். கண் தெரியாதவர் தடவிப் பார்த்து, இத்தனாவது பொத்தான்னு எண்ணி அமுக்கலாம். அது எப்படி முடியுது? தொகுதி முழுக்க எல்லா பூத்துலயும் ஒரே வரிசைங்கிறதால. "போன தடவை நீங்க கத்தரிக்கோலுக்குப் போட்டீங்க, அதனால இந்தத் தடவை உங்களுக்கு வசதியா கத்தரிக்கோலை மேல வச்சிருக்கோம்"னு ஒரு மெஷின் சொன்னா ஊரு சும்மா இருக்குமா? "தம்பி, ஓட்டுப் பெட்டி உங்களைக் கவனிச்சு மாறுனா விடுவீங்களா"ன்னுதான் கேட்டேன். இந்த இடத்துலதான் சத்தம் ஏறிடுச்சு.

அந்தப் பொண்ணு சுதாரிச்சுக்கிட்டு, "ஐயா, அது ரகசிய ஓட்டு, இது சேவை, ரெண்டும் வேற"ன்னுச்சு. நியாயமான பதில்தான். ஆனா அக்காவுக்கு அந்தப் பச்சைப் பொத்தான் ஓட்டை விடப் பெருசு. ஓட்டு தப்பா போனா அஞ்சு வருசத்துல இன்னொண்ணு வரும், அந்த சம்பா திரும்பி வராது.

இன்னொரு விஷயம், அன்னிக்கு இதைச் சொல்லவே விடல. மைக்கை வாங்கிட்டாங்க. எங்க ஊர்ல இந்தச் செயலி எல்லாம் யாரு எங்களுக்குச் சொல்லிக்குடுத்தா? கம்பெனியா? எந்த வகுப்பும் கிடையாது. எனக்கு என் அக்கா மகன் சொன்னான், நான் எதுத்த வீட்டுக்காரருக்குச் சொன்னேன், அவர் வீட்டம்மா மேலத்தெரு அக்காவுக்குச் சொல்லிக்குடுத்தாங்க. எப்படிச் சொல்லிக்குடுப்போம்? "மேல இருக்கிற படத்தைத் தொடு, அப்புறம் கீழ வலது பக்கம் பச்சை." சிங்கப்பூர்ல வேலை பார்க்கிற மகன் வாட்சப்ல அம்மாவுக்கு வழி சொல்றதும் இப்படித்தான், அவன் போனையும் அதே பக்கத்துல திறந்து வச்சுக்கிட்டு "மூணாவது பொட்டிம்மா, நீலக் கலரு"ன்னு சொல்லுவான். ஆயிரம் விவசாயிக்கு ஆயிரம் திரை வந்துட்டா, யாரு யாருக்குச் சொல்லிக்குடுக்க முடியும்? என் போன்ல மேல இருக்கிறது உங்க போன்ல கீழ இருக்கும், எதுத்த வீட்ல இருக்கவே இருக்காது. ஊரே சேர்ந்து கத்துக்கிட்ட ஒண்ணைத் துண்டு துண்டா வெட்டி, ஒவ்வொருத்தரையும் அவங்கவங்க போனோட தனியா விட்டுடுது. அப்ப சந்தேகம் வந்தா பக்கத்து வீட்டுக்குப் போக முடியாது, அந்தக் கருவியையேதான் கேட்கணும். அவங்களுக்கு அதுதான் வேணுமோ என்னமோ.

மாறவே கூடாதுன்னு நான் பிடிவாதம் பிடிக்கல. எனக்கே இப்ப எழுத்து பெருசா வேணும், கண்ணாடி போட்டாலும் நெல்லு வெலைப் பட்டியல் எறும்பு ஊர்ற மாதிரி தெரியுது. கீழத்தெருவுல ஒருத்தர் பக்கவாதம் வந்து கை நடுங்கும், சின்னப் பொத்தான் அவருக்கு ஆகாது. அவருக்குத் தனியா செஞ்சு குடுத்தா புண்ணியம். அமெரிக்காவுல வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல காயோஸ்னு ஒருத்தரும் கூட இருந்தவங்களும் இருபது வருசம் முன்னாடியே "சப்பிள்"னு ஒண்ணு செஞ்சிருக்காங்க. திரையைக் கணக்குப் போட்டுத் தானே உண்டாக்குற கருவிதான் அதுவும். கை சரியா வராதவங்களுக்குச் செய்யுறப்ப, முதல்ல அந்த ஆளை உட்கார வச்சு, இதைத் தொடுங்க, அதை இழுங்கன்னு செய்யச் சொல்லி, அவரால எது முடியுது எது முடியலன்னு அளந்து, அதுக்குத் தக்க பொத்தான் செஞ்சு குடுக்குது. தையல்காரர் அளவு எடுக்கிற மாதிரி. யாருக்கு எடுக்கிறோம்னு ரெண்டு பேருக்கும் தெரியும். ஒளிஞ்சிருந்து பார்த்து ராத்திரியோட ராத்திரியா சட்டையை மாத்தி வைக்கிறது வேற சோலி.

அதே காயோஸ் 2006-ல இன்னொண்ணும் சோதிச்சுப் பார்த்திருக்கார்னு அக்கா மகன் சொன்னான். அடிக்கடி எடுக்கிற பொத்தானை இடம் மாத்துறதுக்குப் பதிலா, அதோட நகல் ஒண்ணைத் தனி இடத்துல வை, பழசு பழைய இடத்துலயே இருக்கட்டும். ஆளுங்களுக்கு அதுதான் நல்லா ஒத்துவந்துச்சாம். பாருங்க, நான் கூடத்துல கத்துனதை அந்த மனுசன் சத்தமே இல்லாம இருபது வருசம் முன்னாடி எழுதி வச்சுட்டுப் போயிருக்கார். அக்கா போன்லயும் அப்படிச் செஞ்சிருந்தா, டயர் வண்டி ஒரு தனிப் பெட்டியில வந்திருக்கும், பெல்ட் வண்டி அது இருந்த இடத்துலயே இருந்திருக்கும், குரல் நின்னிருக்காது. மகனும் அவசரத்துக்கு அமுக்கியிருப்பான், அம்மாவும் தப்பு பண்ணியிருக்க மாட்டாங்க. இதுக்கு ஏஐ எல்லாம் வேணுமா?

அவங்க கருத்துப் புத்தகத்துல நான் எழுதிக் குடுத்தது நாலே வரி. திரை மாறுறதுக்கு முன்னாடி வாயைத் திறந்து கேளு, "மாத்தவா?"ன்னு, தமிழ்ல, குரல்ல. கேட்காம குரலை நிறுத்தாதே. காசு போற பொத்தானும் வண்டி வர்ற பொத்தானும் இடம் மாறவே கூடாது. ஒரு ஆளு பச்சையை அமுக்குனப்ப அவர் கண்ணு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு படம் எடுத்து அவர்ட்டயும் ஒண்ணு குடு, உன்கிட்டயும் ஒண்ணு வை. அப்புறம் மா, குழின்னா என்னன்னு கத்துக்கோங்கன்னு ஓரத்துல எழுதினேன், அது அஞ்சாவது.

பையன் நல்ல பையன். கிளம்பும்போது என்கிட்ட தனியா வந்து, "நாலாவது விஷயம் நாங்க யோசிக்கவே இல்லைங்கய்யா, மேல சொல்றேன்"னான். மூத்தவங்க ஒத்துக்கணுமே, இடம் செலவாகும், படம் சேமிக்கக் காசு ஆகும்னு அவனே சொல்லிக்கிட்டான். என் நம்பர் வாங்கிட்டுப் போயிருக்கான். இன்னும் கூப்பிடல.

அக்கா போன்ல அந்தத் தானா மாறுற வசதியை அக்கா மகன் நிறுத்திக் குடுத்தான். அது எங்க இருந்துச்சு தெரியுமா? அமைப்புகளுக்குள்ள போயி, இன்னொண்ணுக்குள்ள போயி, நாலு பக்கம் தாண்டி, இங்கிலீஷ்ல, படமும் கிடையாது குரலும் கிடையாது. பத்து நாள்ல செயலி புதுப்பிச்சுக்கிச்சு, திரும்பவும் தானா மாற ஆரம்பிச்சிடுச்சு. அக்கா அதைத் திறக்கிறதையே விட்டுட்டாங்க. போன வாரம் குறுவைக்கு விதை நெல்லு கேட்கப் போனப்ப பார்த்தேன், திண்ணைச் சுவத்துல அடுப்புக்கரியால ரெண்டு போன் நம்பர் எழுதியிருந்துச்சு. ஒண்ணு பெல்ட் வண்டி டிரைவரோடது, நம்பருக்குப் பக்கத்துல கோணலா ஒரு பட்டை வரைஞ்சிருந்தாங்க. இன்னொண்ணு யாருதுக்கான்னு கேட்டேன். "பால்காரன்"ன்னாங்க.